கிஸ்தி முதல் சீசிங் வரை: தொப்பூர் சாலையில் கடன் வசூலின் கதை

தருமபுரியிலிருந்து சேலத்துக்குப் பஸ்ஸில் போனவர்களுக்குத் தொப்பூர்க் கணவாய் மறக்காது. பழைய தேசிய நெடுஞ்சாலை 7, இன்றைய 44, அங்கே மலைகளுக்கு நடுவே வளைந்து வளைந்து சரிவில் இறங்குகிறது. பிரேக் பிடிக்காமல் இறங்கிய லாரிகளால் நடந்த விபத்துகளுக்காகவே தொப்பூர் என்ற பெயர் செய்தித்தாள்களில் அடிக்கடி வருகிறது. (வரலாற்றுப் புத்தகத்தில் வரும் தோப்பூர்ப் போர் இங்கே நடந்ததல்ல. அது கல்லணைப் பக்கம், நாயக்கர் காலத்தில் நடந்தது. பெயர் ஒற்றுமையால் பலர் குழம்புகிறார்கள்.)

எதிர்த்திசையில், சேலத்திலிருந்து மேலே ஏறும் லாரிகளைப் பாருங்கள். பாரத்தோடு மூச்சு வாங்கி ஆமை போல ஏறும். அவற்றில் பலவற்றின் ஆர்.சி. புத்தகத்தில் சொந்தக்காரர் பெயரோடு ஒரு பைனான்ஸ் கம்பெனியின் பெயரும் இருக்கும். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்து லாரித் தொழிலே கடனில் ஓடுகிற தொழில்தான். மாதம் பிறந்தால் "டியூ" கட்ட வேண்டும். டீசல், டோல்கேட், டயர், டிரைவர் படி எல்லாம் போக மிஞ்சுவதில் டியூ. இரண்டு டியூ நின்றால் போன் வரும். மூன்றாவதும் நின்றால், டோல்கேட்டிலோ டீக்கடை ஓரத்திலோ நாலு பேர் வந்து சாவியைக் கேட்பார்கள். இதற்குத் தொழில் வட்டாரத்தில் "சீசிங்" என்று பெயர்.

சாவியைக் கேட்கும் அந்த நாலு பேருக்கு அந்த உரிமையைக் கொடுத்தது யார்? கடன் கொடுத்தவன் கடன் வாங்கியவனை என்னவெல்லாம் செய்யலாம் என்பதற்கு இந்த மண்ணில் எழுநூறு வருடக் கதை இருக்கிறது. அதில் ஒரு முக்கியமான அத்தியாயம் தொப்பூர் இருக்கும் இதே வட்டாரத்தில்தான் எழுதப்பட்டது.

கதையை மார்க்கோ போலோவிடமிருந்து தொடங்கலாம். 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் அவர் மாபார் என்று அரேபியர்கள் அழைத்த பாண்டிய நாட்டுக் கடற்கரைக்கு வந்தார். அங்கே கண்ட ஒரு வழக்கத்தை வியப்போடு சொல்கிறார். கடன் வாங்கியவன் இன்று நாளை என்று இழுத்தடித்தால், கொடுத்தவன் அவனைச் சுற்றித் தரையில் ஒரு வட்டம் கிழித்துவிடுவானாம். கடனைக் கொடுக்காமலோ பிணை காட்டாமலோ வட்டத்தை விட்டு வெளியே கால் வைக்கக் கூடாது. வைத்தால் மரண தண்டனை வரை போகலாம். ஒருமுறை அரசனே ஒரு வெளிநாட்டு வணிகனுக்குப் பாக்கி வைத்திருந்தான். அரசன் குதிரையில் வரும்போது வணிகன் குதிரையோடு சேர்த்து அவனைச் சுற்றி வட்டம் போட்டுவிட்டான். அரசன் குதிரையை நிறுத்தினான், வணிகனுக்குச் சேரவேண்டியது சேரும்வரை நகரவே இல்லை. இதைத் தானே கண்ணால் பார்த்ததாகப் போலோ எழுதுகிறார்.

கேட்க அழகான கதைதான். ஆனால் அரசன் கஜானாவைத் திறந்து கொடுத்துவிட்டுக் குதிரையை ஓட்டிக்கொண்டு போய்விடுவான். கையில் ஒன்றுமில்லாத ஏழை அந்த வட்டத்துக்குள் எத்தனை நாள் நிற்பான் என்று போலோ சொல்லவில்லை.

வட்டம் போடுவதற்குத் தம்பி போன்ற இன்னொரு முறையும் இந்தியாவில் இருந்தது: தர்ணா. இன்று அரசு அலுவலக வாசலில் கோரிக்கைக்காக உட்காருவதைத் தர்ணா என்கிறோம். அன்று கடன் கொடுத்தவன் கடனாளியின் வாசலில் சாப்பிடாமல் உட்காருவதுதான் தர்ணா. அவன் பட்டினியால் செத்தால் பாவம் வீட்டுக்காரனுக்கு. ஊரும் பார்க்கும், தெய்வமும் பார்க்கும் என்ற பயத்தில் எப்படியாவது பணத்தைப் புரட்டிக் கொடுத்துவிடுவார்கள். 1860இல் இயற்றப்பட்ட இந்திய தண்டனைச் சட்டத்தின் 508ஆவது பிரிவு, தெய்வ கோபம் வரும் என்று நம்பவைத்து ஒருவரை ஒரு காரியம் செய்யவைப்பதைக் குற்றமாக்கியது. அதற்குக் காட்டப்பட்ட முதல் உதாரணமே ஒருவர் வாசலில் இன்னொருவர் தர்ணா உட்காருவதுதான்! அடி உதை இல்லாமல், வாசலில் வந்து உட்கார்ந்து மானத்தை வாங்குவதும் குற்றமாகலாம் என்று சட்டம் அப்போதே கண்டுகொண்டது. 2024 ஜூலை 1 முதல் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. இந்தக் குற்றம் அதிலும் தொடர்கிறது.

இனி தொப்பூர் வட்டாரத்துக்கு வருவோம். 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தான் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்த பகுதிகளில் பாரமகாலும் ஒன்று. இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பெரும்பகுதி அதுதான். தொப்பூர்க் கணவாய் அதன் தெற்கு வாசல் மாதிரி. வரி வசூலை ஒழுங்குபடுத்த கேப்டன் அலெக்சாண்டர் ரீட் நியமிக்கப்பட்டார். அவருக்கு உதவியாளர்களாக வந்த ராணுவ அதிகாரிகளில் ஒருவர் தாமஸ் மன்றோ. பின்னாளில் சென்னை கவர்னராகி, இன்றும் சென்னைத் தீவுத்திடல் பக்கம் சேணம் இல்லாத குதிரையில் உட்கார்ந்திருக்கிறாரே, அவரேதான். தருமபுரியில் தங்கி ஊர் ஊராக நிலம் அளந்து வரி விதித்தார். ஜமீன்தார், மிராசுதார் என்று நடுவில் யாரும் இல்லாமல் ஒவ்வொரு விவசாயியும் நேராக அரசாங்கத்துக்கு வரி கட்டும் ரயத்துவாரி முறை இந்த பாரமகாலில்தான் முதலில் வேர் பிடித்தது.

ரயத்துவாரியைப் பாடப்புத்தகங்கள் நல்ல முறை என்றே சொல்லும். ஜமீன்தாரி முறையோடு ஒப்பிட்டால் அது நியாயமும்கூட. ஆனால் அதன் இன்னொரு பக்கத்தைக் கவனிக்க வேண்டும். அதுவரை வரி பெரும்பாலும் ஊர் சேர்ந்து, பெரிய மனிதர்கள் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. இப்போது ஒவ்வொரு குடியானவனும் தன் பெயரில், பணமாக, தவணை தவணையாகக் கட்ட வேண்டும். அந்தத் தவணைக்குக் கிஸ்தி என்று பெயர். மழை பெய்தாலும் பொய்த்தாலும் கிஸ்தி தேதி மாறாது. விளைந்ததை நல்ல விலைக்கு விற்கும்வரை காத்திருக்க முடியாதவன் லேவாதேவிக்காரரிடம் போவான். ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன்! இன்றைய இ.எம்.ஐ. என்ற மாதத் தவணையின் பாட்டனார் இந்தக் கிஸ்தி என்று சொன்னால் பெரிய தப்பாகாது.

கிஸ்தி கட்டாதவனை என்ன செய்தார்கள்? இது நம் வரலாற்றின் வெட்கப்படவேண்டிய பக்கம். 1854இல் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் சென்னை மாகாணத்து வரி வசூல் கொடுமைகள் பற்றிக் கேள்வி எழுந்தது. அதற்குப் பின்னால் ஒரு தமிழ்நாட்டு முயற்சி இருந்தது. காசுலு லட்சுமிநரசு செட்டி 1852இல் தொடங்கிய சென்னை சுதேசி சங்கம் விவசாயிகளின் குறைகளைத் தொகுத்து மனுவாக அனுப்பியது. இங்கே வந்து சுற்றிப்பார்த்த டான்பி சீமோர் என்ற பாராளுமன்ற உறுப்பினர் லண்டன் திரும்பிப் பேசினார். அதன் விளைவாக எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்ற மூவர் கொண்ட விசாரணைக் குழு அமைக்கப்பட்டு, 1855இல் அறிக்கை வந்தது. சென்னை சித்திரவதைக் குழு அறிக்கை என்று அது பெயர் பெற்றது.

அந்த அறிக்கையைப் புரட்டினால் ஆங்கிலத்துக்கு நடுவே நம்முடைய சொற்கள் தலைகாட்டுகின்றன. அண்ணாந்தாள் என்பது ஒருவனைக் குனியவைத்துக் கழுத்தையும் காலையும் சேர்த்துக் கயிற்றால் கட்டி, அப்படியே வெயிலில் விடுவது. முதுகில் கல் ஏற்றுவதும் உண்டு. கிட்டி என்பது இரண்டு கட்டைகளுக்கு நடுவே விரல்களை வைத்து நெரிப்பது. இதையெல்லாம் செய்தவர்கள் வெள்ளைக்காரர்கள் அல்ல, வரி வசூலிக்கும் தாசில் சேவகர்களும் போலீஸ் வேலையும் சேர்த்துப் பார்த்த கீழ்மட்ட ஊழியர்களும். மேலே இருந்த கலெக்டர்களுக்குக் கணக்கு நேரானால் போதும், எப்படி நேரானது என்று கேட்கவில்லை. வரி வசூலும் போலீசும் ஒரே கையில் இருந்ததுதான் கொடுமைக்குப் பெரிய காரணம் என்று குழு கண்டது. இந்த அறிக்கையை லண்டனில் இருந்த கார்ல் மார்க்ஸ் படித்து 1857இல் நியூயார்க் பத்திரிகை ஒன்றில் கட்டுரையே எழுதினார். தருமபுரி, சேலம், தஞ்சாவூர்ப் பக்கத்துக் குடியானவனின் முதுகுக் கல் அப்படி அட்லாண்டிக்கைத் தாண்டியது.

"நான் அடிக்கச் சொல்லவில்லை, ஏஜென்சிதான் அடித்தது" என்று இன்று கடன் கொடுத்த நிறுவனங்கள் சொல்வதைக் கேட்கும்போது அந்தக் கலெக்டர்கள் நினைவுக்கு வருவது இயல்பு.

அறிக்கைக்குப் பிறகு கயிறும் கட்டையும் போய்க் காகிதம் வந்தது. 1864இல் சென்னை வருவாய் வசூல் சட்டம் வந்து, பாக்கிக்கு ஜப்தி, ஏலம் என்ற முறையான வழி வகுக்கப்பட்டது. தனியார் கடனுக்கு நீதிமன்றம், டிக்ரி, அமீனா. இது மட்டும் என்ன சுகம் என்று கேட்கலாம். ஜப்தி என்ற சொல்லுக்கே கிராமத்தில் வயிறு கலங்கும். இருந்தாலும் காகிதத்துக்கு ஒரு நல்ல குணம் உண்டு: எல்லையை எழுதி வைக்கும். 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆவது பிரிவைப் படித்தால் ஆச்சரியமாக இருக்கும். உடுத்தும் துணி, சமைக்கும் பாத்திரம், படுக்கை, கைவினைஞரின் கருவிகள், விவசாயியின் ஏர், மாடு, விதைத்தானியம், மத வழக்கப்படி ஒரு பெண் கழற்றக்கூடாத நகை (நம் ஊரில் தாலி என்று படித்துக்கொள்ளலாம்) எதையும் ஜப்தி செய்ய முடியாது. 62ஆவது பிரிவின்படி சூரியன் மறைந்த பிறகும் உதிப்பதற்கு முன்பும் ஜப்திக்காக வீட்டுக்குள் நுழையக் கூடாது. பணக் கடன் டிக்ரிக்காகப் பெண்களைக் கைது செய்யவே முடியாது என்கிறது 56ஆவது பிரிவு. நீதிமன்றத்தின் அமீனாவுக்கே இத்தனை வேலி. தனியார் ஏஜெண்ட் ராத்திரி ஒன்பது மணிக்குக் கதவைத் தட்டி "பாத்திரத்தை எடுத்துவிடுவேன்" என்றால் அதற்குச் சட்டத்தில் இடமே கிடையாது.

சட்டம் கடனாளி பக்கம் ஒருமுறை துணிச்சலாகவே சாய்ந்தது. அதைச் செய்தவரும் இந்த வட்டாரத்துக்காரர்தான். ஓசூர் பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்து சேலத்தில் வக்கீலாகவும் நகராட்சித் தலைவராகவும் இருந்த ராஜாஜி, 1937இல் சென்னை மாகாணப் பிரதமரானார். (அன்று மாகாண முதல்வருக்குப் பிரதமர் என்றே பெயர். தருமபுரியும் அப்போது சேலம் மாவட்டத்துக்குள் இருந்தது, தனி மாவட்டமானது 1965 அக்டோபர் 2இல்.) உலகப் பொருளாதார மந்தத்தில் தானிய விலை விழுந்து, விவசாயியின் கடன் மட்டும் அப்படியே நின்ற காலம் அது. 1938இல் அவர் கொண்டுவந்த விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம், 1932 அக்டோபர் 1க்கு முந்தைய கடன்களில் 1937 அக்டோபர் 1 வரை நின்ற வட்டி முழுவதையும் ஒரே கோட்டில் அழித்தது. அசலைப் போல் இரண்டு மடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால் அசலும் தீர்ந்ததாகவே கணக்கு. புதிய கடனுக்கு ஆண்டுக்கு ஆறேகால் சதவீதம் தனிவட்டி உச்சவரம்பு. அதே 1937 அக்டோபர் 1ஆம் தேதிதான் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கும் தொடங்கியது. சாராயக்கடையும் வட்டிக்கடையும் ஒன்றுக்கொன்று சொந்தம் என்று ராஜாஜி நினைத்திருப்பார் போலும்.

லேவாதேவிக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. ஒப்பந்தத்தின் புனிதம் கெட்டது, இனி யார் விவசாயிக்குக் கடன் கொடுப்பார்கள் என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியில் ஓரளவு உண்மை இருப்பதை மறுக்க முடியாது. வங்கியும் கூட்டுறவுச் சங்கமும் எட்டாத இடத்தில் வட்டிக்காரரையும் துரத்திவிட்டால், அவர் பின்வாசல் வழியாக, இன்னும் அதிக வட்டியோடு வருவார். வந்தார். கந்துவட்டி, மீட்டர் வட்டி, நாள் வட்டி, தண்டல், ரன் வட்டி என்று தமிழில் வட்டிக்கு இருக்கும் பெயர்களைப் பார்த்தால் இந்த மொழியின் சொல்வளத்தில் பெருமைப்படுவதா வருத்தப்படுவதா என்று தெரியாது.

2003 மே 3ஆம் தேதி, மௌன ராகம், தளபதி முதலிய படங்களைத் தயாரித்த ஜி. வெங்கடேஸ்வரன் சென்னையில் தற்கொலை செய்துகொண்டார். கடன் நெருக்கடிதான் காரணம் என்று பரவலாகப் பேசப்பட்டது. அதே ஆண்டு தமிழ்நாட்டில் அதீத வட்டி வசூல் தடைச் சட்டம் வந்தது. தெருவில் புழங்கும் கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்ற பெயர்களையே எடுத்துச் சட்டம் தன் வரையறையில் வைத்துக்கொண்டது. மூன்று ஆண்டு வரை சிறை, முப்பதாயிரம் ரூபாய் வரை அபராதம். வட்டியின் அளவு மட்டுமல்ல, கடனாளியைத் துன்புறுத்துவதும் குற்றம். துன்புறுத்தல் என்றால் அடிப்பது மட்டுமல்ல, மிரட்டுவது, போகும் இடமெல்லாம் பின்தொடர்வது, உடைமைகளில் கைவைப்பது, வீட்டுப் பக்கம் வந்து சுற்றிக்கொண்டிருப்பது எல்லாம் சேரும். மார்க்கோ போலோ பார்த்த வட்டமும் வாசல் தர்ணாவும் இந்த ஒரு வரையறைக்குள் அடங்கிவிட்டன. கடனாளி தான் தரவேண்டிய தொகையை நேராக நீதிமன்றத்தில் கட்டிக் கணக்கை முடிக்கவும் அதில் வழி உண்டு. இந்த வழியைப் பற்றித் தெரிந்தவர்கள் மிகக் குறைவு.

சட்டம் இருந்தது, ஆனாலும் 2017 அக்டோபர் 23 அன்று திருநெல்வேலி கலெக்டர் அலுவலக வளாகத்தில் ஒரு கூலித் தொழிலாளி மனைவியோடும் இரண்டு பெண் குழந்தைகளோடும் தீக்குளித்தார். நால்வருமே இறந்துவிட்டார்கள். கந்துவட்டிக் கொடுமை பற்றிப் பலமுறை மனு கொடுத்த குடும்பம் அது. மனு வாங்கும் மேசைக்கும் காவல் நிலையத்துக்கும் நடுவில் அந்த மனுக்கள் எங்கேயோ நின்றுவிட்டன. பதினான்கு வருடச் சட்டம் அந்தக் குழந்தைகளுக்கு உதவவில்லை.

கந்துவட்டிக்காரர் கதை இது. கம்பெனிக் கடன் வேறு மாதிரி. அங்கே வட்டி விகிதம் சட்டப்படி இருக்கும், ஒப்பந்தம் இருபது பக்கம் இருக்கும், கையெழுத்தும் இருக்கும். 1990களுக்குப் பிறகு வாகனக் கடனும் கிரெடிட் கார்டும் பெருகியபோது வங்கிகள் வசூல் வேலையை வெளியே ஏஜென்சிகளுக்கு விட்டன. ஏஜென்சி ஆட்களைத் தெருவிலிருந்து எடுத்தது. இந்தப் பழக்கத்துக்கு உச்ச நீதிமன்றம் 2007 பிப்ரவரியில் பிரகாஷ் கவுர் வழக்கில் குட்டு வைத்தது. ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கி தொடர்புடைய அந்த வழக்கில் தீர்ப்பு சொன்ன அமர்வில் இருந்தவர் தேவகோட்டைக்காரரான நீதிபதி ஏ.ஆர். லட்சுமணன். வாகனத்தை மீட்க அடியாட்களை அனுப்பக் கூடாது, சட்டத்தின் ஆட்சி நடக்கும் நாட்டில் கடனைச் சட்ட வழியில்தான் வசூலிக்க வேண்டும் என்பது அதன் சாரம். அடுத்த ஆண்டு, 2008 ஏப்ரலில், ரிசர்வ் வங்கி வசூல் ஏஜெண்டுகள் பற்றித் தனிச் சுற்றறிக்கை விட்டது. ஏஜென்சி யார் என்று கடனாளிக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும், வருபவர் அடையாள அட்டையும் வங்கியின் அதிகாரக் கடிதமும் வைத்திருக்க வேண்டும் என்றது. வாகனத்தை எடுக்கும் ஷரத்து ஒப்பந்தத்தில் இருந்தால், அதில் நோட்டீஸ் காலம் எவ்வளவு, எடுக்கும் முறை என்ன, விற்பதற்கு முன் பணம் கட்டக் கடைசி வாய்ப்பு உண்டா என்பதெல்லாம் எழுதியிருக்க வேண்டும் என்றும் சொன்னது.

லாரிக்காரர்கள் இங்கே ஒன்றை நேராகப் புரிந்துகொள்வது நல்லது. "கோர்ட் ஆர்டர் இல்லாமல் வண்டியைத் தொடவே முடியாது" என்று டீக்கடைகளில் சொல்லப்படுவது முழு உண்மை அல்ல. ஹயர் பர்ச்சேஸ் ஒப்பந்தத்தில் கடைசித் தவணை கட்டும்வரை வண்டி சட்டப்படி பைனான்ஸ்காரருடையது. ஒப்பந்தப்படி அவர் அதை எடுத்துக்கொள்ளலாம் என்று 2020 அக்டோபரிலும் ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் எடுப்பதற்குப் பலத்தைப் பயன்படுத்தக் கூடாது. நடுரோட்டில் மறிப்பது, டிரைவரை இறக்கிவிடுவது, சாவியைப் பிடுங்குவது, ஏற்றிய சரக்கோடு ஓட்டிக்கொண்டு போவது எதற்கும் அந்த உரிமை அனுமதி தராது. "ஸ்டேஷனில் தகவல் சொல்லிவிட்டோம்" என்று ஏஜெண்ட் சொன்னால் அது தகவல்தான், உத்தரவு அல்ல. அப்படி மறித்தால் டிரைவர் செய்யவேண்டியது சுலபம்: சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, அட்டையும் கடிதமும் கேட்டு, 112க்குப் போன் செய்வது, முடிந்தால் நடப்பதைப் படம் பிடிப்பது.

போன் தொல்லைக்கும் நேரக் கணக்கு வந்தது. 2022 ஆகஸ்ட் 12ஆம் தேதிச் சுற்றறிக்கையில் ரிசர்வ் வங்கி, காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் வசூலுக்காக அழைக்கக் கூடாது, உறவினர்களையும் நண்பர்களையும் இழுக்கக் கூடாது என்றது. மகளிர் குழுக்கள் வாங்கும் சிறுகடனுக்கு 2022 மார்ச்சில் வந்த விதிகள் இன்னும் கறாரானவை. காலை 9க்கு முன்னும் மாலை 6க்குப் பின்னும் தொந்தரவு கூடாது, பெயரை ஊருக்கு அறிவிக்கக் கூடாது. வசூல் இருவரும் ஒப்புக்கொண்ட பொது இடத்தில்தான். தொடர்ந்து இரண்டு முறையாவது அங்கே வராவிட்டால்தான் ஊழியர் வீட்டுக்கோ வேலை செய்யும் இடத்துக்கோ போகலாம். தருமபுரி கிராமங்களில் வாரக் குழுக் கூட்டத்தில் ஒருத்தி பணம் கட்ட முடியாமல் நிற்கும்போது மற்றப் பெண்களை விட்டே அவளை ஏசவைக்கும் பழக்கம் உண்டு என்றால், அந்தப் பழக்கத்துக்கும் இந்த விதிகளில் இடமில்லை. கொரோனாக் காலத்தில் கிளம்பிய கடன் செயலிகள் போனில் உள்ள அத்தனை எண்களுக்கும் ஆபாசமாகச் செய்தி அனுப்பி மானத்தை வாங்கின. அதன் பிறகு 2022 செப்டம்பரில் வந்த விதிகள், செயலி தொடர்பு எண்களையும் படங்களையும் தொடவே கூடாது என்றன. வாசல் தர்ணா வாட்ஸ்அப்புக்கு வந்து சேர இருநூறு ஆண்டு ஆகவில்லை.

தமிழ்நாடு சட்டமன்றம் 2025 ஏப்ரலில் இன்னொரு சட்டம் நிறைவேற்றியது. பெயரே கடன் வழங்கும் நிறுவனங்களின் வலுக்கட்டாய நடவடிக்கைத் தடுப்புச் சட்டம். ஆள் வைத்து மிரட்டி வசூலித்தால் மூன்று ஆண்டு வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம். 2003இல் முப்பதாயிரமாக இருந்தது ஐந்து லட்சமாகியிருக்கிறது.

இத்தனையும் தண்டனைப் பக்கம். நஷ்டஈட்டுப் பக்கம் ஒன்று இருக்கிறது, லாரிக்காரர்கள் அதிகம் எட்டிப்பார்க்காத பக்கம். "வியாபாரத்துக்கு வாங்கிய வண்டி, நுகர்வோர் கோர்ட் எப்படி ஏற்கும்?" என்று பலர் விட்டுவிடுகிறார்கள். இதற்கு 1995லேயே பதில் கிடைத்துவிட்டது. கோவை பி.எஸ்.ஜி. நிறுவனம் ஒரு தரப்பாக இருந்த லட்சுமி இன்ஜினியரிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் வணிக நோக்கம் என்றால் என்ன என்று விளக்கியது. பிழைப்புக்காக ஆட்டோ வாங்கித் தானே ஓட்டுபவர் நுகர்வோர்தான், லாரி வாங்கித் தானே ஓட்டுபவரும் அப்படியே, உதவிக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டாலும் பரவாயில்லை என்றது. பத்து லாரி வைத்து ஆள் போட்டு ஓட்டும் முதலாளிக்கு இது பொருந்தாது. ஒற்றை லாரிக்காரருக்குப் பொருந்தும்.

முன்பு இன்னொரு தடை இருந்தது. 1986ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, எதிர்த்தரப்புக்கு அலுவலகம் உள்ள ஊரிலோ சம்பவம் நடந்த ஊரிலோதான் வழக்குப் போட முடியும். கம்பெனி சென்னையில், வண்டியை மறித்தது ஆந்திராவில் என்றால் தொப்பூர்க்காரர் எங்கே அலைவார்? 2020 ஜூலை 20இல் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டுச் சட்டம் அதை மாற்றிவிட்டது. புகார்தாரர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் வரை மதிப்புள்ள வழக்குக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. தொப்பூரிலிருந்து கிளம்பும் ஒருவர் கணவாய் ஏறித் தருமபுரி டவுனில் இறங்கினால் போதும். ஒப்பந்த நகல், டியூ கட்டிய ரசீதுகள், வந்த நோட்டீஸ், போனில் பதிவான அழைப்புகள், இவை கையில் இருக்க வேண்டும்.